மொண்ணைக் கத்திதான் விரலை வெட்டும்!

"அய்யோ... கையை வெட்டிக்கிட்டேன்!"

இந்தக் குரல் கேட்காத அடுப்படி உண்டா? வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒருத்தர் விரலை வாயில் வைத்தபடி முற்றத்துக்கு ஓடி வருவார். "கத்தி ரொம்பக் கூரா இருந்திருக்கும், பார்த்து வெட்டக் கூடாதா?" என்று வீட்டில் ஆளாளுக்குப் புத்தி சொல்வார்கள். உண்மை என்ன தெரியுமா? பெரும்பாலும் அந்தக் கத்தி கூராக இருக்காது. மழுங்கிப்போன மொண்ணைக் கத்தியாகத்தான் இருக்கும்.

இதை நான் தெரிந்துகொண்டது என் பெரியம்மாவின் விரலில்!

பெரியம்மாவுக்கு ஊர் புன்னைக்காயல். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற மீனவர் கிராமம். பிறந்ததிலிருந்து மீனோடு புழங்கிய கை. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருந்தாளிகள் திடீரென்று வந்துவிட்ட அவசரத்தில், அருவாமனையை எடுக்கச் சோம்பல்பட்டு, அடுப்படி மேடையில் கிடந்த பழைய கத்தியால் பாறை மீனை நறுக்க உட்கார்ந்தார். தோல் அறுபடவில்லை. அழுத்தினார். இன்னும் அழுத்தினார். கத்தி சறுக்கியது. இடது ஆள்காட்டி விரலில் நல்ல வெட்டு!

"சின்னக் கீறல்தாம்ல, தானா ஆறிரும்" என்று காப்பித்தூளை அப்பி, பழைய துணியைச் சுற்றிக்கொண்டு சமையலை முடித்துவிட்டார். அவருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. மூன்றாம் நாள் விரல் வாழைப்பூ நிறத்தில் வீங்கியது. மணிக்கட்டு வரை சிவப்பு, குளிர் காய்ச்சல். தூத்துக்குடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பதினோரு நாள் ஆஸ்பத்திரி வாசம். விரல் தப்பியது. ஆனால், இன்றைக்கும் அது முழுதாக மடங்காது. ஊசியில் நூல் கோர்க்கப் பேத்தியைத்தான் கூப்பிடுகிறார்.

அங்கே டாக்டர் கேட்ட ஒரு கேள்வி எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. "எந்தக் கத்திம்மா அது? கொண்டாங்க பார்ப்போம்." மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு காகிதத்தை நீட்டிப் பிடித்து அதில் கத்தியை இழுத்தார். காகிதம் அறுபடவில்லை, கசங்கியது. "இது வெட்டுற கத்தி இல்லம்மா, நசுக்குற கத்தி" என்றார்.

சேலை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். குக்கர் வாங்க அக்கம் பக்கத்தில் விசாரிக்கிறோம். தினமும் மூன்று வேளை கையில் பிடிக்கிற கத்தியை மட்டும் திருவிழாக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம். இது சரியா?

மொண்ணைக் கத்தி ஏன் ஆபத்து?

கூரான கத்தியின் விளிம்பு மிக மெல்லியது. நாம் கொடுக்கிற சிறு பலம் முழுவதும் அந்த மெல்லிய கோட்டில் குவிகிறது. தக்காளித் தோல் தானாக விலகிக் கொடுக்கிறது. விளிம்பு மழுங்கினால் அதே பலம் அகலமான இடத்தில் பரவிவிடும். காய் அறுபடாது. உடனே நாம் என்ன செய்கிறோம்? கூடுதலாக அழுத்துகிறோம். வெங்காயத்தின் வழுக்குத் தோலிலோ, மீனின் கொழகொழப்பிலோ கத்தி சறுக்கும்போது, அந்தக் கூடுதல் பலம் முழுவதும் பக்கத்தில் இருக்கும் விரலில் இறங்குகிறது.

காயத்திலும் வித்தியாசம் உண்டு. கூரான கத்தியின் வெட்டு நேர்கோடாக இருக்கும், ஓரங்கள் ஒட்டிச் சீக்கிரம் ஆறும். மொண்ணைக் கத்தி சதையை நசுக்கிக் கிழிக்கும். நசுங்கிய சதை ஆறுவதற்கு நாளாகும், சீழ் பிடிக்கவும் வாய்ப்பு அதிகம்.

கூரான கத்தியும் வெட்டும்தான். ஆனால், அது நாம் நினைத்த இடத்தில் வெட்டும்!

மணையிலிருந்து மேடைக்கு...

நம் பாட்டிமார்கள் கத்தியைத் தேடவே இல்லை. அவர்களுக்கு அருவாமனை இருந்தது. காலால் மணையை அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் பொருளைப் பிடித்து அலகில் தள்ளுவார்கள். அலகு அசையாது, பொருள்தான் நகரும். பூசணியோ, முழு நெய்மீனோ (சென்னைக்காரர்களுக்கு வஞ்சிரம்), எதுவானாலும் இரண்டு கையின் பலம் கிடைக்கும்.

பிறகு அடுப்பு மேடைக்கு ஏறியது. நாமும் எழுந்து நின்றோம். மேசை என்கிற சொல்லே போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. 16-ம் நூற்றாண்டில் அவர்கள் வந்து தங்கிய ஊர்களில் புன்னைக்காயலும் ஒன்று. சொல் அப்போதே வந்துவிட்டாலும், மேசை உயரத்தில் நின்று சமைக்கிற பழக்கம் நம் வீடுகளுக்கு வந்தது மிகவும் பிற்பாடுதான். நின்று வெட்டும்போது பொருள் அசையக் கூடாது, கத்திதான் நகர வேண்டும். அதாவது, கை பழகிய முறையே தலைகீழாகிவிட்டது. அதனால்தான் அருவாமனையில் கில்லாடியான பெரியம்மாக்கள்கூடக் கத்தியில் தடுமாறுகிறார்கள்.

'நமக்கும் இரும்புக் கத்திக்கும் என்ன சம்பந்தம்' என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். புன்னைக்காயலுக்கு மேலே, அதே தாமிரபரணிக் கரை ஊரான ஆதிச்சநல்லூரில் பழங்கால இரும்புக் கருவிகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பக்கத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னே போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. இரும்பு நமக்குப் பழசு. நின்றுகொண்டு வெட்டுகிற கத்திதான் புதுசு!

எவர்சில்வர் தட்டும், எவர்சில்வர் கத்தியும் ஒன்றா?

"எவர்சில்வர் கத்திதாங்க வாங்கினேன், ஒரே மாசத்துல மழுங்கிப்போச்சு" என்று பலர் புலம்புவார்கள். காரணம் இருக்கிறது.

இரும்போடு குரோமியம் சுமார் பத்தரை சதவிகிதத்துக்கு மேல் சேர்ந்தால் அது எவர்சில்வர், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாகி, துருவைத் தடுக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1913-ல் ஹாரி பிரியர்லி என்பவர் இப்படி ஒரு எஃகை உருவாக்கினார். ஷெஃபீல்டு கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்பதால், அந்த எஃகு சீக்கிரமே சாப்பாட்டு மேசைக் கத்தியாகவும் ஆனது.

ஆனால், எல்லா எவர்சில்வரும் ஒன்றல்ல. நம் தட்டு, டம்ளர் செய்கிற நல்ல ரகத்தில் 18 சதவிகிதம் குரோமியமும் 8 சதவிகிதம் நிக்கலும் இருக்கும். கார்பன் மிகமிகக் குறைவு. அதைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. அதில் கத்தி செய்தால் பளபளக்கும், கூர் நிற்காது. கத்திக்கு ஏற்ற எவர்சில்வரில் சுமார் அரை சதவிகிதம் கார்பனும் 13 முதல் 15 சதவிகிதம் குரோமியமும் இருக்கும். அதைத்தான் சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்க முடியும்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சின்னக் காந்தத்தைப் பர்ஸில் போட்டுக்கொண்டு போங்கள். டம்ளர் ரக எவர்சில்வரில் காந்தம் அநேகமாக ஒட்டாது. கத்திக்கு ஏற்ற ரகத்தில் நன்றாக ஒட்டும். ஒட்டினால் உத்தமமான கத்தி என்று அர்த்தமில்லை, ஒட்டாவிட்டால் வாங்க வேண்டாம் என்று அர்த்தம்!

"கடினம் எவ்வளவு இருக்கணும்?" என்று கேட்பவர்களுக்கு: கத்தி அட்டையில் சில கம்பெனிகள் ராக்வெல் என்கிற அளவைப் போட்டிருப்பார்கள். 54-லிருந்து 58 வரை வீட்டுக்குப் போதும். 60-க்கு மேல் போகிற ஜப்பானியக் கத்திகளில் கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால், மீன் முள்ளிலும் கோழி எலும்பிலும் பட்டால் விளிம்பு பொடிந்துவிடும். பீங்கான் கத்தியும் அப்படித்தான், கீழே விழுந்தால் உடையும். நம் சமையலுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற எஃகே நல்லது.

கொல்லுப்பட்டறைக் கத்தி நல்லதா?

நல்லதுதான். நம் ஊர்க் கொல்லர்கள் லாரிப் பட்டையை வெட்டிக் காய்ச்சி அடித்துத் தருகிற கத்தி, கார்பன் எஃகு. கூர் சீக்கிரம் ஏறும், வீட்டுக் கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம். ஆனால், இரண்டு குறைகள்.

ஒன்று, துரு. மதுரைக்காரர் வீட்டில் ஒரு வாரம் தாங்குகிற கத்தி, உப்பளக் காற்று வீசுகிற தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரே ராத்திரியில் சிவந்துவிடும். கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கப் பொறுமை இருப்பவர்கள்தான் இதை வாங்க வேண்டும்.

இரண்டு, கறுப்பு. வாழைக்காய், வாழைப்பூ, மாங்காய் இவற்றின் துவர்ப்பும் புளிப்பும் இரும்போடு சேர்ந்து காயைக் கறுக்க வைக்கும். விஷம் ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

கடற்கரை ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்பு, எவர்சில்வரின் அந்தக் காவல் படலத்தையும் ஓட்டை போடும். மீன் வெட்டிய கத்தியை உப்பு நீரோடு தொட்டியில் ஊறப் போட்டால், குண்டூசி குத்தியது போலப் புள்ளிப் புள்ளியாக அரித்துவிடும். 'எவர்சில்வர்தானே' என்று அசட்டையாக இருக்காதீர்கள்.

கையில் எடுத்துப் பாருங்கள்!

செருப்பைக் காலில் போட்டுப் பார்க்காமல் வாங்குவோமா? கத்தியும் அப்படித்தான். கடையில் இவற்றைப் பாருங்கள்:

* நீளம்: ஹோட்டல் சமையல்காரர்கள் எட்டு அங்குலக் கத்தி வைத்திருப்பார்கள். நம் சின்னப் பலகைக்கும், சின்னக் கைக்கும் ஆறு அல்லது ஏழு அங்குலம் வசதி. கூடவே பூண்டு, இஞ்சி உரிக்க மூன்றரை அங்குலத்தில் ஒரு குட்டிக் கத்தி. இரண்டு போதும்! பன்னிரண்டு கத்திகள் செருகிய மரக்கட்டை செட் பார்க்க அழகு. பத்து கத்திகள் தூசிதான் படியும்.

* அலகின் அகலம்: கைப்பிடி பக்கத்தில் அலகு சுமார் ஒன்றே முக்கால் அங்குல அகலம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் விரல் முட்டிகள் பலகையில் இடிக்கும்.

* பிடி: கைப்பிடியை முஷ்டியால் பிடிக்காதீர்கள். கைப்பிடியும் அலகும் சேருகிற இடத்தில் அலகைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளுவது போலப் பிடித்து, மற்ற மூன்று விரல்களால் கைப்பிடியைச் சுற்றுங்கள். இப்படிப் பிடித்தால் கத்தி கையில் புரளாது. இந்தப் பிடியில் உறுத்தாத கத்திதான் உங்கள் கத்தி.

* எடை: இரண்டு நிமிஷம் சும்மா பிடித்து வெட்டுவது போல ஆட்டிப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் வேண்டாம். மூட்டுவலிக்காரர்களுக்கு எடை குறைந்த, கைப்பிடி தடித்த கத்தி நல்லது.

* கைப்பிடி: அலகின் இரும்பு கைப்பிடிக்குள் கடைசி வரை ஓடுகிறதா? ஆணி அடித்த இடத்திலோ, பூண் போட்ட இடத்திலோ இடைவெளி இருக்கிறதா? அந்த இடுக்கில்தான் மீன் கழிவும் கிருமியும் தங்கும். ஈரக் கையில் வழுக்காத, சொரசொரப்பான கைப்பிடியாகப் பாருங்கள். மர கைப்பிடி ஊறி வெடிக்கும், கடலோர வீடுகளுக்கு அவ்வளவாக ஒத்துவராது.

* ரம்பப் பல் கத்தி: ரொட்டிக்குச் சரி. 'ஆயுசுக்கும் கூர் போகாது' என்பார்கள், நம்பாதீர்கள். கூர் போகாத கத்தி உலகத்தில் இல்லை. இதை வீட்டில் தீட்டவும் முடியாது.

கூர் பிடிக்கத் தெரியாவிட்டால் எந்தக் கத்தியும் வீண்!

எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் கத்தி மழுங்கத்தான் செய்யும். ஆகவே, 'எந்தக் கத்தி' என்று கேட்கும்போதே 'இதை யார் தீட்டப்போறா?' என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாணைக்கல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மழமழப்பாக இருக்கும். தண்ணீர் நனைத்து, கத்தியைக் கல்லில் படுக்க வைத்து, முதுகுப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். சுமார் 15-லிருந்து 20 டிகிரி. ஆறு அங்குலக் கத்திக்கு, முதுகுக்கும் கல்லுக்கும் நடுவில் உங்கள் சுண்டுவிரல் நுழைகிற அளவு என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதே சாய்வு மாறாமல், இரண்டு பக்கமும் சமமாகத் தேய்க்க வேண்டும். மாதம் ஒருமுறை போதும்.

அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையத்தில் நாலு இழுப்பு இழுக்கலாம். வாசல்படி சிமென்ட்டில் தேய்ப்பது மட்டும் வேண்டாம், விளிம்பு பல் பல்லாகப் போய்விடும்.

தெருவில் சாணைக்காரர் வந்தால் கொடுக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள். சக்கரத்தில் அழுத்திப் பிடித்து விளிம்பு நீலம் பாரித்தால், சூட்டில் எஃகின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். "அண்ணே, அடிக்கடி தண்ணி தொட்டுப் பிடிங்க" என்று சொல்லுங்கள்.

கூர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள்! எங்கள் டாக்டர் செய்த காகிதச் சோதனை போதும்.

பலகையும் ஒரு மருந்துதான்

கிரானைட் மேடையிலேயே வெட்டுகிறவர்கள், தட்டில் வைத்து வெட்டுகிறவர்கள், கண்ணாடிப் பலகை வாங்கினவர்கள்... உங்கள் கத்தி மழுங்குவதற்கு நீங்களே காரணம். கத்தியைவிடக் கடினமான எதிலும் வெட்டக் கூடாது. மரமோ, பிளாஸ்டிக்கோ போதும். பலகை நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி விரியுங்கள். நகருகிற பலகையும் விரலை வெட்டும்.

பச்சை மீன், கறி வெட்டிய கத்தியாலேயே வெள்ளரிக்காய் நறுக்கினால், மீனில் இருந்த கிருமி வேகாமல் நேரே வயிற்றுக்குப் போகும். வாந்தி பேதிக்கு வேறெங்கும் தேட வேண்டாம். இதற்குப் புன்னைக்காயல் பெண்களிடம் ஓர் எளிய வழி இருக்கிறது. மீனுக்கு அருவாமனை, அதுவும் கொல்லையில். காய்கறிக்குக் கத்தி, அடுப்படியில். இரண்டும் சந்திப்பதே இல்லை! அருவாமனையைத் தூக்கிப்போட வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். முழங்கால் இடம் கொடுத்தால் மீனுக்கு அதைவிடச் சிறந்த கருவி இல்லை. வேலை முடிந்ததும் அலகைச் சாய்த்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இரண்டுக்கும் ஒரே கத்திதான் என்றால், முதலில் காய்கறி, கடைசியில் மீன். பிறகு சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, துடைத்து வையுங்கள். நுரை நிறைந்த தொட்டிக்குள் கத்தியைப் போடாதீர்கள். பாத்திரம் கழுவ வருகிறவர் கையை விட்டுத் துழாவும்போது என்ன ஆகும்? அதேபோல, கை நழுவி விழுகிற கத்தியைப் பிடிக்கப் பாயாதீர்கள். விலகி நில்லுங்கள், விழட்டும்.

வெட்டிக்கொண்டால்...

1. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் 'நின்னுடுச்சா' என்று திறந்து பார்க்காதீர்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள்.

2. காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். இவை காயத்துக்குள் அழுக்கைத்தான் சேர்க்கும்.

3. ரத்தம் நிற்கவில்லை, காயம் ஆழம், விரல் மரத்துப்போகிறது, மடக்க முடியவில்லை... இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. நரம்போ, தசைநாரோ அறுந்திருக்கலாம்.

4. தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கும் பத்து வருஷத்துக்கு ஒருமுறை தேவை. முன்பு டி.டி. என்று போட்டதற்குப் பதில், ரண ஜன்னியோடு தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கிற டி.டி. ஊசி 2019 முதல் அரசுத் திட்டத்தில் வந்திருக்கிறது. உச்சரிப்பு ஒன்றாக இருந்தாலும் மருந்து புதுசு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேளுங்கள்.

5. கடல் மீன், நண்டு வெட்டும்போது பட்ட காயம் என்றால் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். கடல் நீரில் வாழ்கிற விப்ரியோ போன்ற கிருமிகளுக்குக் கொடுக்கும் மருந்து வேறு. சர்க்கரை நோயாளிகளுக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இந்தக் கிருமி உயிருக்கே உலை வைக்கும். சிவப்பு பரவுவது, கொப்புளம், காய்ச்சல், காயத்துக்கு மீறிய வலி - எது தெரிந்தாலும் அன்றைக்கே போங்கள். எங்கள் பெரியம்மா போல மூன்று நாள் காத்திருக்காதீர்கள்.

6. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சின்ன வெட்டையும் அலட்சியம் செய்யக் கூடாது.

பெரியம்மா வீட்டு அடுப்படியில் இப்போது ஆறரை அங்குலத்தில் ஒன்று, குட்டியாக ஒன்று என்று இரண்டு கத்திகள் மட்டும் சுவரில் தொங்குகின்றன. கொல்லையில் பழைய அருவாமனை. மாதம் ஒருமுறை பேரன் சாணைக்கல்லோடு உட்காருகிறான். போன தடவை போயிருந்தபோது, அந்த மடங்காத விரலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, வெங்காயத்தைப் பூவாக நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு கூரா வச்சிருக்கீங்களே, பயமா இல்லையா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"இதுக்கு எதுக்குல பயப்படணும்? அந்தப் பழைய கத்திக்குத்தாம்ல பயந்திருக்கணும். இது சொன்ன பேச்சு கேக்குது!"